வழக்கால் பிழைத்த கணக்கு

நிதியாண்டு முடியும் காலத்தில் வங்கிக் கிளைகளில் ஒரு காட்சியைத் தவறாமல் காணலாம். காலக்கெடு முடிந்த சீட்டுகளும் பதிவேடுகளும் கட்டுக் கட்டாகப் பிரிக்கப்படும். அழிக்கத்தக்கவை ஒரு பக்கம், காக்கத்தக்கவை மறுபக்கம் எனச் சேரும். வழக்கு நிலுவையில் உள்ள கணக்கின் தாள்களை மட்டும் எவரும் தொடுவதில்லை. எத்தனை ஆண்டுகள் ஆனாலும் அவை அலமாரியில் இருந்தே தீரும்.

நன்றாக நடந்து முடிந்த கணக்கின் தாள்கள் மறைவதும், தகராறில் சிக்கியவை நிலைப்பதும் விந்தைதான். ஏறத்தாழ 370 ஆண்டுகளுக்கு முன் ஓர் இரும்பு நிறுவனத்தின் கணக்குகளுக்கும் இதுவே நேர்ந்தது. அமெரிக்காவின் தொடக்ககால இரும்புத் தொழிலைப் பற்றி இன்று நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி அந்தத் தகராறு நமக்களித்த கொடை.

அந்நாளில் மாசசூசெட்ஸ் ஆங்கிலேயரின் புதிய குடியேற்றமாக இருந்தது. ஆணி, கோடரி, கலப்பை, சமையல் பானை என இரும்புப் பொருள் எதுவாயினும் கப்பலில்தான் வர வேண்டும். இந்நிலையை மாற்ற எண்ணினார் ஆளுநரின் மகனான இளைய ஜான் வின்த்ராப். 1641-இல் அவர் இங்கிலாந்து சென்று முதலீட்டாளர்களைத் திரட்டினார். 21 ஆண்டுகளுக்குத் தனியுரிமையும் வரிவிலக்கும் தந்து குடியேற்றத்தின் பேரவை நிறுவனத்தை ஊக்குவித்தது. பிரெயின்ட்ரீ என்னும் இடத்தில் எழுப்பிய முதல் உலை எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. அடுத்து வந்த மேலாளர் ரிச்சர்ட் லீடர், சாகஸ் ஆற்றங்கரையைத் தேர்ந்தெடுத்தார். 1646-இல் அங்கே ஆலை இயங்கத் தொடங்கியது.

சதுப்பு நிலங்களில் படிந்திருந்த தாது, சுற்றுக் காடுகளின் மரக்கரி, சக்கரங்களைச் சுழற்ற ஆற்று நீர் ஆகிய மூன்றும் அருகிலேயே கிடைத்தன. ஊதுலையில் வார்ப்பிரும்பு உருவாயிற்று. நீர்விசையால் இயங்கிய பெருஞ்சம்மட்டி அதனை அடித்துத் தேனிரும்பாக்கியது. அதைத் தகடாக உருட்டி, ஆணி செய்வதற்குரிய கம்பிகளாகக் கீறும் ஆலையும் அங்கிருந்தது. அன்றைய உலகில் அத்தகைய ஆலைகள் மிகச் சிலவே.

உற்பத்தி நடந்தது, ஆனால் பணம் திரும்பவில்லை. தேனிரும்பின் விலை டன்னுக்கு 20 பவுண்டைத் தாண்டக் கூடாது என்பது தனியுரிமையோடு வந்த நிபந்தனை. குடியேற்றத்தில் நாணயப் புழக்கமோ மிகக் குறைவு. உழவர்கள் தானியமும் பிற விளைபொருளும் கொடுத்து இரும்பு வாங்க விரும்பினர். இலண்டனில் இருந்த முதலீட்டாளர்களுக்கு வேண்டியது ரொக்கம். இதற்கிடையே, கரி சுடுவோர், தாது தோண்டுவோர், மரம் வெட்டுவோர், வண்டி ஓட்டுவோர் என நாள்தோறும் கூலி கொடுக்க வேண்டியோரின் எண்ணிக்கை பெருகியது. கையில் சரக்கு இருந்தும் செலவுக்குப் பணமில்லாத இந்நிலையைத்தான் நடைமுறை மூலதன நெருக்கடி என்று இன்று நாம் அழைக்கிறோம்.

லீடருக்குப் பின் 1650-இல் பொறுப்பேற்ற ஜான் கிஃபோர்டு, கடன் வாங்கியே ஆலையை நடத்தினார். அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் இருந்த உரிமையாளர்களுக்குக் கணக்குச் சென்று சேர்வதற்குள் நிலைமை மாறிவிடும். அவர்களது அறிவுரை திரும்பி வருவதற்குள் மறுபடியும் மாறிவிடும். 1653-இல் கடன் கொடுத்தோர் நீதிமன்றத்தை நாடினர். உரிமையாளர்கள் கிஃபோர்டின் கணக்கை ஏற்க மறுத்தனர். கிஃபோர்டோ, நிறுவனமே தமக்குக் கடன்பட்டுள்ளது என வாதாடினார். அவர் சிறைக்கும் செல்ல நேர்ந்தது. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீண்டன. கைமாறி, விட்டுவிட்டு இயங்கிய ஆலை 1670 அளவில் நின்றே போனது.

வழக்குகளுக்காகத் தொகுக்கப்பட்ட கணக்குகளும் ஆவணங்களும் இன்று ஹார்வர்டு வணிகப் பள்ளியின் பேக்கர் நூலகத்தில் உள்ளன. எசெக்ஸ் மாவட்ட நீதிமன்றப் பதிவுகளிலும் இவ்வாலையின் கதை விரிகிறது. இலாப நட்டத்தை அறிய எழுதப்பட்ட அந்த வரிகளில் மனிதர்களும் பதிவாகியிருக்கிறார்கள். 1650-இல் டன்பார் போரில் கிராம்வெல்லின் படையிடம் சிறைப்பட்ட ஸ்காட்லாந்து வீரர்களுள் ஒரு பகுதியினர் கப்பலேற்றப்பட்டு, ஒப்பந்த ஊழியர்களாக இவ்வாலைக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்கான உணவும் உடையும் நிறுவனத்தின் செலவாக எழுதப்பட்டன. அவர்களுள் பலர் தம் வாழ்க்கையைப் பற்றித் தாமே எழுதியது எதுவும் இல்லை. அவர்கள் அங்கே உண்டு, உடுத்து, உழைத்தார்கள் என்பதற்கு வேறொருவர் எழுதிய செலவுக் கணக்கே சான்று.

1948 முதல் 1953 வரை ரோலண்ட் ராபின்ஸ் சாகஸில் அகழாய்வு நடத்தினார். புதைந்து கிடந்த உலையின் அடித்தளமும் நீர்ச்சக்கரத்தின் எச்சங்களும் வெளிப்பட்டன. ஹார்ட்லி என்னும் வரலாற்றறிஞர் பழந்தாள்களை ஆராய்ந்து 1957-இல் நூலாக்கினார். ஆலை எங்கே நின்றது என்பதை மண் காட்டியது. அது ஏன் நிலைக்கவில்லை என்பதைக் கணக்கு காட்டியது. மீட்டெழுப்பப்பட்ட ஆலை இன்று தேசிய வரலாற்றுத் தலமாக விளங்குகிறது.

தொழில் நடத்தும் நம் வாடிக்கையாளர்கள் சிலர், மாதந்தோறும் வங்கி கேட்கும் சரக்கிருப்பு அறிக்கையை வெறும் சடங்காகக் கருதுவதுண்டு. உரிய நாளில் வந்து சேரும் உண்மையான அறிக்கை, நெருக்கடியை அது முற்றும் முன்பே இரு தரப்பாருக்கும் உணர்த்திவிடும். சாகஸில் அது வாய்க்கவில்லை. கணக்கு இருந்தது, அதைக் கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே மேசையில் அமர்ந்து பார்க்க நேர்ந்தபோது, அந்த மேசை நீதிமன்றத்தில் இருந்தது.

உங்கள் பேரேட்டையும் எங்கள் பேரேட்டையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் அருகருகே வைத்து ஒப்பிட்டுப் பார்ப்போம். வேறுபாடு இருப்பின், அது ஒரு தேநீர் நேரப் பேச்சிலேயே தீரட்டும். அவ்வாறு தீர்ந்த கணக்கின் தாள்கள் வரலாற்றில் இடம்பெறாமல் போகலாம். அதனால் எவருக்கும் நட்டமில்லை.