உங்களுக்குத் தெரியுமா? கடலுக்கடியில் சுரங்க ரயில்!

நியூயார்க் சுரங்க ரயிலில் ஓடித் தேய்ந்த 2,500-க்கும் மேற்பட்ட பெட்டிகள், 2001 முதல் 2010 வரை அட்லாண்டிக் கடலில் மூழ்கடிக்கப்பட்டன.

ஏன்? ‘ரெட்பேர்ட்’ என்ற பழைய சிவப்புப் பெட்டிகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது. அதை அகற்றிப் பெட்டிகளைப் பழைய இரும்பாக விற்பதைவிட, கடலில் மூழ்கடிக்கச் செலவு குறைவு. சக்கரம், கதவு, ஜன்னல், இருக்கை எல்லாவற்றையும் கழற்றி, கிரீஸைத் துடைத்தெடுத்து, வெறும் கூடுகளைக் கடலில் தள்ளினார்கள்.

டெலாவேர் கரைக்கு அப்பால் மட்டும் 700-க்கும் மேற்பட்ட பெட்டிகள், சுமார் 80 அடி ஆழத்தில்! தகடெங்கும் மட்டிகள் அப்பிக்கொள்ள, வெறும் மணல்வெளியாகக் கிடந்த இடம் மீன்களின் குடியிருப்பானது.

துருப்பிடிக்காது என்று பெயரெடுத்த ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பெட்டிகளோ, நியூஜெர்சி கடலில் சில மாதங்களிலேயே நொறுங்கின. தாக்குப்பிடித்தவை பழைய ரெட்பேர்டுகளே!