உள்ளங்கையில் ஒரு ஜன்னல்

ஜவ்வாது மலைக்குக் கிளம்பும் இளைஞர்கள் இப்போது வானத்தைப் பார்ப்பதில்லை, கைபேசியைப் பார்க்கிறார்கள். அதன் முகப்பிலேயே ஒரு சிறு கட்டம். வெயில் எவ்வளவு, மழை உண்டா என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். 'விட்ஜெட்' என்று இதற்குப் பெயர். ஆண்ட்ராய்டு கைபேசியில் 2009-லேயே வந்துவிட்டது; ஐபோன் முகப்பில் இடம்பிடிக்க 2020 ஆயிற்று. வீட்டு விளக்கையும் விசிறியையும்கூட இன்று இக்கட்டத்தைத் தொட்டே அணைக்கிறார்கள்.

ஆனால், மலையில் இதை நம்பலாமா? வானிலைக் கணிப்பு என்பது நிலத்தைப் பல கிலோமீட்டர் சதுரங்களாக வெட்டிப் போடும் கணக்கு. மேடும் பள்ளமும் ஒரே சதுரத்தில் சிக்கினால், அடிவாரத்து வெயிலே உச்சிக்கும்! சிக்னல் அறுந்தாலோ, கட்டத்தில் தெரிவது காலையில் வந்த பழைய சேதி.

இதே மலையில், 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது காவலூர். 1986-ல் அங்கே நிறுவப்பட்ட 2.3 மீட்டர் தொலைநோக்கியின் கூரையைத் திறக்குமுன், மேகத்தையும் காற்றின் ஈரத்தையும் அந்த இடத்திலேயே பார்த்துக்கொள்கிறார்கள்.