ஊரை அறிந்த டாக்டர்

மருத்துவத்தில் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் ஆய்வுக்கூடங்களிலும்தான் நடக்கும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சிற்றூர் டாக்டர் சளிக்கும் காய்ச்சலுக்கும் மருந்து எழுதுவார். கொஞ்சம் சிக்கலென்றால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுவார். எங்கோ யாரோ கண்டறிந்ததை நமக்குக் கொண்டுவந்து தருபவர் அவர், அவ்வளவுதான் என்பது நம் எண்ணம். இங்கிலாந்தில் ஒரு பள்ளத்தாக்கு மக்களுக்கு அரை நூற்றாண்டுக் காலம் வைத்தியம் பார்த்த வில்லியம் பிக்கிள்ஸ் என்ற டாக்டரின் வாழ்க்கையைப் பார்த்தால், இந்த எண்ணம் எங்கே பிசகுகிறது என்பது புரியும்.

பிக்கிள்ஸ் 1885-இல் லீட்ஸ் நகரில், ஒரு டாக்டரின் மகனாகப் பிறந்தவர். யார்க்‌ஷயரின் வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கில் ஆய்ஸ்கார்த் என்றொரு கிராமம். அங்கிருந்த டாக்டருக்குப் பதிலாகக் கொஞ்ச நாள் பார்த்துக்கொள்ளத்தான் முதலில் போனார். ஊர் பிடித்துவிட்டது. 1913-இல் அங்கேயே நிலையாகத் தங்கிவிட்டார். முதல் உலகப் போரின்போது கடற்படையில் பணியாற்றிய காலம் நீங்கலாக, முதுமையில் ஓய்வு பெறும்வரை அவருடைய நோயாளிகள் அந்தப் பள்ளத்தாக்கின் மக்கள்தான். 1969-இல், 83 வயதில் காலமானார்.

1929-இல் அங்கே மஞ்சள் காமாலை பரவியது. சுமார் 5,700 பேர் வசித்த பகுதியில் ஏறக்குறைய 250 பேருக்குக் கண்கள் மஞ்சளாயின. பித்தம் இறங்கும் குழாயைச் சளி அடைத்துக்கொள்வதால் வருவது இந்தக் காமாலை என்பது அந்தக் காலத்தில் பல டாக்டர்களின் நம்பிக்கை. ஆனால் பிக்கிள்ஸ் கண்ட காமாலை வீடு வீடாக, ஊர் ஊராக நகர்ந்தது. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுகிறது என்றால், தொற்றிய நாளுக்கும் நோய் வெளியே தெரியும் நாளுக்கும் நடுவே எத்தனை நாள்? அதைக் கண்டுபிடிக்க முனைந்தார்.

இந்த இடைவெளியை நோயரும்பு காலம் என்பார்கள். பாலில் உறைமோர் விட்டவுடன் தயிராகிவிடுவதில்லை. ராத்திரி முழுக்கப் பார்வைக்குப் பாலாகவே இருந்துவிட்டுக் காலையில்தான் உறைந்திருக்கும். கிருமியும் அப்படித்தான். உடம்புக்குள் நுழைந்த பிறகு சில நாளோ பல வாரமோ ஓசைப்படாமல் பெருகி, அதன் பிறகே நோயாகத் தலைகாட்டும். அது எத்தனை நாள் என்று தெரிந்தால்தான், நோயாளியோடு பழகிய ஒருவரை எதுவரை கவனித்து வரவேண்டும் என்று சொல்ல முடியும்.

இதைக் கணக்கிடுவது, கேட்பதற்கு, வெறும் கழித்தல் கணக்கு. நோய் தெரிந்த தேதியிலிருந்து தொற்றிய தேதியைக் கழித்தால் தீர்ந்தது. ஆனால் தொற்றிய தேதி யாருக்குத் தெரியும்? நகரத்தில் ஒருவர் ஒரே நாளில் எத்தனை பேரோடு உரசிக்கொண்டு போகிறார்! யாரிடமிருந்து வந்தது என்று ஆளைச் சொல்ல முடியாது. ஆளே தெரியாதபோது நாளை எப்படிச் சொல்வது? பெரிய ஆஸ்பத்திரியில் நுண்ணோக்கி உண்டு, நிபுணர்கள் உண்டு. படுக்கையில் கிடக்கும் நோயாளி ஒரு மாதத்துக்கு முன் யார் வீட்டுக்குப் போனார் என்ற தகவல் மட்டும் அங்கே இல்லை.

அந்தத் தகவல் பிக்கிள்ஸிடம் இருந்தது. அந்தக் காமாலைப் பரவலுக்கு மூலம் எது என்று தேடியபோது அவருக்கு ஒரு பெண் நினைவுக்கு வந்தாள். ஊர்த் திருவிழா நாளன்று காலையில் அவளைப் படுக்கையில் பார்த்து வைத்தியம் செய்தவர் அவர்தான். அன்றைக்கு அவள் எழுந்திருப்பாள் என்றே அவர் நினைக்கவில்லை. அவளோ மதியம் திருவிழாவுக்குப் போனாள். சாயங்காலம் பள்ளிக்கூடத்தில் நடந்த நடனத்துக்கும் போய்விட்டாள். ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து, அங்கே அவளோடு பழகியவர்களுக்குக் காமாலை கண்டது. தொடக்கத் தேதி கிடைத்துவிட்டது.

இப்படி ஒரே ஒரு சந்திப்பு மட்டுமே நடந்திருக்கக்கூடிய நோயாளிகளைத் தேடித்தேடிக் கணக்கிட்டு, நோயரும்பு காலம் 26 முதல் 35 நாள் என்று எழுதினார். இந்தக் காமாலைக்குக் காரணமான ஹெபடைடிஸ் ஏ வைரஸை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டது 1973-இல்தான். இன்று பாடநூல்கள் அதற்குத் தரும் சராசரி 28 நாள். வைரஸை யாரும் கண்ணால் பார்ப்பதற்கு நாற்பது ஆண்டுக்கு முன்பே, கிராமத்து டாக்டரின் கணக்கு சரியாக அமைந்துவிட்டது.

அவர் ஞாபகசக்தியை மட்டும் நம்பியிருக்கவும் இல்லை. எந்த ஊரில், யாருக்கு, எந்த நாளில், என்ன தொற்று என்று தினமும் குறித்துவந்தார். மனைவி கெர்ட்டி அதையெல்லாம் வரைபடத் தாளில் ஏற்றிவைத்தார். இருந்தாலும், அந்தக் குறிப்பில் ஏறவேண்டிய செய்தியை மக்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டுமே! யாரைப் பார்க்கப் போனோம், எந்த விருந்தில் சாப்பிட்டோம் என்பதைப் புதிதாக வந்த டாக்டரிடம் எல்லோரும் சொல்லிவிட மாட்டார்கள். பிள்ளைப் பருவத்திலிருந்து தன்னைப் பார்த்துவருபவரிடம் சொல்வார்கள். பல வருடம் ஒரே ஊரில் இருந்ததுதான் பிக்கிள்ஸின் ஆய்வுக்கருவி. 1939-இல் இவற்றையெல்லாம் புத்தகமாக வெளியிட்டார். பிரிட்டனில் பொதுநல டாக்டர்களுக்கென்று ஒரு கல்லூரி அமைப்பு உருவானபோது, 1953-இல் அதன் முதல் தலைவராக இவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

அவர் தொற்றுநோயில் காட்டியதற்கு நம் காலத்தில் இன்னொரு பக்கமும் தெரியவந்திருக்கிறது. நார்வேயில் சுமார் 45 லட்சம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2022-இல் ஒரு கட்டுரை வெளியானது. ஒரே குடும்ப டாக்டரிடம் 15 வருடத்துக்கு மேல் இருந்தவர்களை, ஒரு வருடமே இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். நீண்டகாலம் இருந்தவர்கள் திடீரென்று ஆஸ்பத்திரியில் சேரும் வாய்ப்பும், ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட ஆண்டில் இறக்கும் வாய்ப்பும் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைவாக இருந்தன. இதற்குப் பழக்கம் ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் வருடம் கூடக்கூடப் பலனும் கூடிக்கொண்டே போனது.

ஆகவே, நம்மை வெகுநாளாகத் தெரிந்த டாக்டர் ஒருவர் நமக்கு வாய்த்திருந்தால், சின்னத் தொந்தரவுக்கும் அவரிடமே போவோம். வீட்டுக்கு யார் வந்தார்கள், எந்தக் கல்யாணத்துக்குப் போனீர்கள் என்று அவர் கேட்டால், ஊர்க்கதை பேசுகிறார் என்று அவசரப்பட வேண்டாம். அவர் வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்கிறார். நிதானமாக, விட்டுப்போகாமல் பதில் சொல்லுவோம்.