கட்டடத்திற்கும் ஒரு கணக்கேடு



திருப்பணி என்றதும் கோபுரமும் கலசமும் வண்ணமுமே நம் நினைவுக்கு வருகின்றன. தூணையும் உத்தரத்தையும் பற்றிக் கேட்பவர் அரிது. கும்பாபிஷேகத்திற்கு முன் பூசும் வண்ணம் பழைய விரிசலையும் சேர்த்தே மறைத்துவிடுகிறது.

1986 மார்ச் 15ஆம் நாள், சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் நியூ வோர்ல்ட் ஹோட்டல் இயங்கிய ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிடத்திற்குள் சரிந்தது. மாண்டவர் 33 பேர். இடிபாடுகளிலிருந்து உயிருடன் மீட்கப்பட்டவர் 17 பேர். வாயு வெடித்திருக்கலாம் என்றே முதலில் ஐயுற்றனர். விசாரணையில் வெளிவந்த காரணம் வேறு. ஆட்களும் தட்டுமுட்டுச் சாமான்களும் ஏற்றும் பாரத்தைக் கணக்கிட்டவர்கள், கட்டடத்தின் சொந்த எடையைச் சேர்க்காமல் விட்டிருந்தார்கள்! கூட்டல் கணக்கில் பெரிய எண்ணையே விட்டுவிட்ட கதைதான். ஆயினும் 1971இல் எழுந்த அக்கட்டடம் பதினைந்து ஆண்டுகள் நின்றது. ஆகவே, "இத்தனை வருஷமாக நிற்கிறதே" என்பது சான்றாகாது.

இவ்விபத்துக்குப் பின், 1989இல் சிங்கப்பூரில் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியிருப்புக் கட்டடங்களைப் பத்து ஆண்டுக்கு ஒருமுறையும் மற்றவற்றை ஐந்தாண்டுக்கு ஒருமுறையும் பொறியாளர் பரிசோதிக்க வேண்டும் என்பது விதி. தனி வீடுகளுக்கு விலக்கு உண்டு.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் பொறியாளர் அன்று கண்டதைத்தான் சொல்வார். இடைப்பட்ட நாள்களைக் குறித்து வைப்பது நம் கடமை. விரிசலின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதுங்கள். அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து ஏட்டில் பதியுங்கள். ஈராண்டாக வளராத மயிரிழை விரிசல் பெரும்பாலும் பூச்சோடு நின்றுவிடும். மாதாமாதம் வளர்வதைப் பொறியாளரிடம் காட்டுங்கள். கூரையில் ஒழுகும் இடமும் முக்கியம். நீர் உட்புகுந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிப்பதால் கான்கிரீட் பெயர்ந்து விழும். மழை நாளில் வாளி வைத்த இடம் எதுவென்று அர்ச்சகருக்குத் தெரியும். ஏட்டில் இருக்கிறதா?

தண்ணீருக்கு இன்னும் எளிய வழியுண்டு. தொட்டி நிரம்பியபின் எல்லாக் குழாய்களையும் மூடி, நடை சாத்தும்போது மீட்டர் எண்ணைக் குறியுங்கள். விடியலில் மீண்டும் பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் எங்கோ கசிவு.

நிர்வாகக் குழு மாறும்போது கோப்புகளும் காணாமற் போவது நம் ஆலயங்களில் வாடிக்கை. மூல வரைபடத்தைத் தேடி அலைந்தவர்களுக்கு அந்தச் சிரமம் தெரியும். எனவே நம் ஏட்டுக்கு இரு படிகள். ஒன்று அலுவலகத்திலும் மற்றொன்று அறங்காவலரிடமும் இருக்கும். இரவில் மீட்டர் எண் குறிக்க இரண்டு தொண்டர்கள் தேவை. விருப்பமுள்ளோர் அலுவலகத்தில் பெயர் கொடுக்கலாம்.