தூசிக்குள் ஒரு அம்மா!

கதவைத் திறப்பதற்கு முன்னால் உடை மாற்ற வேண்டும். தலை முதல் கால்வரை மூடும் அங்கி, முகமூடி, கண்ணுக்கு மறைப்பு, ஒரு கையுறைக்கு மேல் இன்னொரு கையுறை. ஜெர்மனியின் லைப்சிக் நகரில், மாக்ஸ் பிளாங்க் பரிணாம மானுடவியல் நிறுவனத்தில், பழைய எலும்பிலிருந்து டி.என்.ஏ. எடுக்கிறவர்கள் இப்படித்தான் வேலைக்குப் போகிறார்கள். எலும்பிலிருந்து ஏதாவது தொற்றிவிடும் என்ற பயமா? இல்லவே இல்லை. பயமெல்லாம் எலும்புக்காக! நம்மிடமிருந்து உதிரும் ஒரு தோல் செதில் போதும், ஒரு துளி எச்சில் போதும். அதிலுள்ள புத்தம்புது டி.என்.ஏ., பல்லாயிரம் ஆண்டு எலும்பில் மிஞ்சிக் கிடக்கும் துணுக்குகளை அமுக்கிவிடும். அதனால்தான் மேசைகளைப் பிளீச் போட்டுத் துடைக்கிறார்கள். ஆள் இல்லாத நேரத்தில் புற ஊதா விளக்கை எரிய விடுகிறார்கள். வெளிக்காற்று நுழையாதபடி, வடிகட்டிய காற்றால் உள்ளே அழுத்தத்தைக் கூட்டி வைக்கிறார்கள்.

இவ்வளவு காபந்தும் எதற்கு? சில மில்லிகிராம் எலும்புத் தூளுக்கு. பல் மருத்துவர் வைத்திருப்பாரே, அந்தத் துளைக்கருவியால் எலும்பைக் குடைந்து எடுக்கும் தூள் அது. அதற்குள் முதலில் தேடுவது அம்மாவை!

அப்பாவை விட்டுவிட்டு அம்மாவை ஏன் தேட வேண்டும்? செல்லின் உட்கருவில் இருக்கும் டி.என்.ஏ. ஒவ்வொரு செல்லிலும் இரண்டே படிகள்தான். ஆனால் செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்புக்கென்று தனியாக, சுமார் 16,500 எழுத்துகள் கொண்ட ஒரு குட்டி டி.என்.ஏ. வளையம் உண்டு. அது ஒரு செல்லில் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில்கூட இருக்கும். எல்லாம் சிதைந்துபோன எலும்பிலும் அது அகப்பட வாய்ப்பு அதிகம். அதோடு, அது தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. மகனுக்கும் கிடைக்கும், ஆனால் அவனோடு நின்றுவிடும். மகள் வழியாகத்தான் மேலே போகும். தலைமுறைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுத்து மாறுவதை எண்ணினால், இரண்டு பேரின் பொதுப் பாட்டி எவ்வளவு காலத்துக்கு முன் வாழ்ந்தாள் என்று கணக்கிடலாம். 1987-இல் ரெபெக்கா கேன், மார்க் ஸ்டோன்கிங், ஆலன் வில்சன் மூவரும் கலிபோர்னியாவின் பெர்க்லியில் இதைத்தான் செய்தார்கள். 147 பேரின் டி.என்.ஏ. அதில் ஏறக்குறைய எல்லாமே பிரசவத்துக்குப் பின் கிடைத்த நஞ்சுக்கொடிகளிலிருந்து எடுத்தது! உலகத்தின் தாய்வழிகள் எல்லாம் சுமார் 2 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒருத்தியிடம் போய்ச் சேர்கின்றன என்ற முடிவு அங்கேதான் பிறந்தது.

சரி, லைப்சிக்குக்குத் திரும்புவோம். தெற்கு சைபீரியாவின் அல்தாய் மலையில் டெனிசோவா என்றொரு குகை. குளிர்ந்த குகை, டி.என்.ஏ.வுக்கு நல்ல பெட்டகம். 2008-இல் அங்கே ரஷ்ய ஆய்வாளர்கள் ஒரு சுண்டுவிரலின் நுனி எலும்பைக் கண்டெடுத்தார்கள். கொண்டைக்கடலை அளவுதான். அதில் ஒரு பாதி லைப்சிக்குக்கு வந்தது. யோஹனஸ் கிரௌஸும் கூட்டாளிகளும் அதிலிருந்து எடுத்தது வெறும் 30 மில்லிகிராம் தூள். தாய்வழி டி.என்.ஏ.வைப் படித்துப் பார்த்த கிரௌஸ், அமெரிக்கா போயிருந்த தன் தலைவர் ஸ்வான்டே பேபோவுக்குப் போன் போட்டு, உட்கார்ந்திருக்கிறீர்களா என்று கேட்டாராம்! நியாண்டர்தால் மனிதருக்கும் நமக்கும் அந்த வளையத்தில் சராசரியாக 202 இடங்களில் வித்தியாசம். இந்த விரலுக்கும் நமக்கும்? 385. நாமும் இல்லை, நியாண்டர்தாலும் இல்லை. அதுவரை பெயரே இல்லாத ஒரு மனித இனம், ஒரு விரல் நுனியிலிருந்து 2010-இல் உலகத்துக்கு வந்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அடுத்து நடந்ததுதான். அதே ஆண்டு முடிவதற்குள் உட்கரு டி.என்.ஏ.வையும் படித்தார்கள். அது வேறு கதை சொன்னது! குகையின் பெயரால் டெனிசோவர்கள் என்று அழைக்கப்பட்ட இந்தப் புது இனத்தார், நியாண்டர்தால்களுக்கு நெருங்கிய பங்காளிகள் என்றது. தாய்வழி பொய் சொல்லவில்லை. ஆனால் நமக்கு எத்தனையோ முன்னோர். அதில் அம்மாவின் அம்மாவின் அம்மா என்று போவது ஒரே ஒரு வழி. அந்த ஒன்றை வைத்து மொத்தக் குடும்பத்தையும் எடை போட முடியாது என்று துறைக்கே அந்த விரல் கற்றுக் கொடுத்தது.

அப்புறம் டென்னி வந்தாள். அதே டெனிசோவா குகையில் அள்ளிய, எந்த விலங்கின் எலும்பு என்றே தெரியாத 2,000-த்துக்கும் மேற்பட்ட சில்லுகளை ஆக்ஸ்ஃபோர்டு மாணவி சமந்தா பிரௌன் ஒவ்வொன்றாகச் சுரண்டி, புரதத்தைச் சோதித்தார். காட்டெருமை, கழுதைப்புலி, மம்மூத் என்று போன கும்பலில், இரண்டரை சென்டிமீட்டர் கூட இல்லாத ஒரு சில்லு மட்டும் மனித வகை! தாய்வழி டி.என்.ஏ. நியாண்டர்தால் என்றது. லைப்சிக்கில் உட்கருவைப் படித்த விவியன் ஸ்லோன் முதலில் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்றே நினைத்தார். மறுபடி எடுத்தார், மறுபடியும் அதே விடை. அம்மா நியாண்டர்தால், அப்பா டெனிசோவர்! இவள்தான் டென்னி, சுமார் 90,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பதின்வயதுப் பெண். அந்த அம்மாவின் சொந்தங்களைத் தேடினால், இதே குகையில் முன்பு வாழ்ந்த நியாண்டர்தால்களைவிட, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி குரோஷியாவில் பின்னால் வாழ்ந்தவர்களோடுதான் அதிக நெருக்கம். நியாண்டர்தால் கூட்டங்கள் ஐரோப்பாவுக்கும் சைபீரியாவுக்கும் இடையே கண்டம் தாண்டி நகர்ந்திருக்கின்றன. இதெல்லாம் ஒரு சில்லிலிருந்து!

நம் ஊர் வெயிலில் இது எவ்வளவு கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். ஹரியானாவின் ராகிகடியில் 61 எலும்பு மாதிரிகளை முயன்று பார்த்து, ஒரே ஒரு பெண்ணிடமிருந்துதான் போதுமான டி.என்.ஏ. கிடைத்தது. 2019-இல் அது வெளியானது. தமிழ்நாட்டின் கொந்தகையில் கிடைத்த தாழி எலும்புகளை ஆராயும் மதுரை காமராசர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மல்லுக்கட்டுவதும் இதே வெப்பத்தோடுதான்.

எலும்பே இல்லாவிட்டால்? மண்ணை அள்ளு என்றார் ஸ்லோன்! 2017-இல் அவர் குழு குகை மண்ணிலிருந்தே தாய்வழி டி.என்.ஏ.வைப் பிரித்தது. தேவையான துணுக்குகளோடு மட்டும் ஒட்டிக்கொள்ளும் செயற்கை இழைகளை அனுப்பி, காந்த மணிகளால் இழுத்தெடுக்கும் வித்தை. பழைய துணுக்குதானா, ஆய்வாளரின் தும்மலா என்று எப்படித் தெரியும்? காலம் போட்ட காயத்தால்தான்! பழைய துணுக்குகளின் ஓரங்களில் 'சி' என்ற எழுத்து சிதைந்து, படிக்கும்போது 'டி' ஆகத் தெரியும். சேதமே சாட்சி. 2021-இல் டெனிசோவா குகையின் 728 மண் மாதிரிகளைப் படித்து, எந்த அடுக்கில் யார் வாழ்ந்தார்கள் என்று வரிசையே போட்டுவிட்டார்கள்.

கடைசி அதிசயம் 2023-இல் வந்தது. மான் பல்லில் துளையிட்டுச் செய்த ஒரு பதக்கம், அதே குகையிலிருந்து. வெறுங்கை படாமல், கையுறையோடு எடுத்தது. இதைத் துளைக்க யாருக்கு மனசு வரும்? லைப்சிக் ஆய்வாளர் எலேனா எஸ்ஸல் பல்லை ஒரு பாஸ்பேட் கரைசலில் அமிழ்த்தி, வெப்பத்தைப் படிப்படியாக 90 டிகிரி வரை ஏற்றினார். மானின் தாய்வழி வந்தது. கூடவே ஒரு மனிதத் தாய்வழியும்! வியர்வையாகப் பல்லுக்குள் ஊறியிருக்கலாம். சுமார் 19,000 முதல் 25,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பெண்; இன்னும் கிழக்கே சைபீரியாவில் வாழ்ந்த மக்களின் சொந்தக்காரி. பல்லைத் துளையிட்டவள் அவளா, கழுத்தில் போட்டுக்கொண்டவள் மட்டுமா என்பது டி.என்.ஏ.வில் எழுதியில்லை. ஆனால் பல் முழுசாக இருக்கிறது, ஒரு கீறல் இல்லை. இன்னும் நுட்பமான வழி வந்தால் அவளிடம் மறுபடியும் போய்க் கேட்கலாம்!