ரிட்டர்ன் போடும் முன்: உங்கள் பையும் அவர்கள் பட்டியலும்

ஜூலைக் கடைசியில் எந்த ஆடிட்டர் அலுவலகத்துக்குப் போனாலும் ஒரு காட்சி நிச்சயம். ஜவுளிக்கடைப் பையை மேஜையில் வைத்து, "எல்லாம் இதுலதான் இருக்கு சார், பார்த்துப் போட்டுடுங்க" என்பார் ஒருவர். பைக்குள் பாஸ்புக், எல்ஐசி ரசீது, மெடிக்கல் பில், வீட்டு வரி ரசீது, நடுவில் ஒரு கல்யாணப் பத்திரிகை. வட்டிக் கணக்கு மட்டும் இருக்காது.

வருமான வரி ரிட்டர்னோடு எந்தக் காகிதத்தையும் இணைக்க வேண்டியதில்லை. பிறகு எதற்குக் காகிதம்? ஒப்பிட்டுப் பார்க்க. வங்கி வட்டி, ஈவுத்தொகை, பங்கு விற்பனை, பத்திரப் பதிவு என்று உங்கள் பான் எண்ணில் நடந்தவற்றில் பெரும்பாலானவை துறையின் கையில் ஏற்கெனவே இருக்கின்றன. 2021 நவம்பரில் வந்த ஏஐஎஸ் என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையில் நீங்களே அதைப் பார்க்கலாம். ஆகவே வேலையைப் பையிலிருந்து தொடங்காமல் அந்தப் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். வருமான வரி இணையதளத்தில் நுழைந்து பிடிஎஃப் ஆக இறக்கினால் கடவுச்சொல் கேட்கும்: பான் எண்ணை ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்து, இடைவெளி விடாமல் பிறந்த தேதி, மாதம், வருடத்தை எட்டு இலக்கத்தில் சேருங்கள்.

ஏப்ரலிலேயே இறக்கினால் பட்டியல் அரைவேக்காடாகத்தான் இருக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை, பணம் தரும்போதே பிடித்த வரியின் (டிடிஎஸ்) கணக்கைத் தாக்கல் செய்ய வங்கிகளுக்கும் கம்பெனிகளுக்கும் மே 31 வரை அவகாசம் உண்டு. சம்பளச் சான்றான ஃபார்ம் 16 தர ஜூன் 15 வரை. ஜூன் பாதிக்கு மேல் உட்காருவதே புத்திசாலித்தனம்.

அதிகம் பேர் சறுக்குவது எஃப்டி வட்டியில். 5 லட்சத்தை 7 சதவீத வட்டியில், முதிர்வில் மொத்தமாக வாங்கும் வகையில் போட்டிருக்கிறீர்கள். கைக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை. ஆனால் முதல் வருஷமே ஏறத்தாழ 36,000 ரூபாய் வட்டி உங்கள் பெயரில் ஏறிவிடும். வங்கியும் அதைத் துறைக்குச் சொல்லிவிடும். "பணம் வரவேயில்லையே" என்பது அங்கே எடுபடாது. இன்னொரு நம்பிக்கை, ஃபார்ம் 15ஹெச் கொடுத்துவிட்டால் வட்டிக்கு வரியே இல்லை என்பது. அது டிடிஎஸ் பிடிக்க வேண்டாம் என்று வங்கிக்குத் தரும் உறுதிமொழி, அவ்வளவுதான். அதையும் வருஷாவருஷம் புதிதாகத் தர வேண்டும். கணக்கு இருக்கும் ஒவ்வொரு வங்கியிலும் வட்டிச் சான்றிதழ் வாங்கி, ஏஐஎஸ் தொகையோடு வரிவரியாக டிக் அடித்துக்கொண்டே வாருங்கள்.

பட்டியலும் தப்பாக இருக்கலாம். கூட்டு டெபாசிட்டில் பணம் அப்பாவுடையது, முதல் பெயர் மகனுடையது என்றால் வட்டி முழுக்க மகன் தலையில் விழும். ஒவ்வொரு பதிவுக்கும் எதிரே மறுப்பு சொல்ல இடம் இருக்கிறது. அப்போதுதான் பையிலிருக்கும் காகிதம் பேசும்.

வருஷத்தின் நடுவில் வேலை மாறியவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு ஃபார்ம் 16-ஐயும் அருகருகே வையுங்கள். 2025-26 நிதியாண்டில் இரண்டு கம்பெனியிலும் தலா 8 லட்சம் சம்பளம், பழைய சம்பளத்தைப் புதிய இடத்தில் சொல்லவில்லை என்று வைத்துக்கொள்வோம். இரு கம்பெனிகளும் தங்கள் 8 லட்சத்தை மட்டும் பார்த்து, புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்று கணக்கை முடித்திருக்கும். கூட்டினால் 16 லட்சம். நிலையான கழிவு 75,000 ஒரு தடவைதான். செஸ் சேர்த்து வரி 1,13,100 ரூபாய், வட்டி தனி.

எல்ஐசி, பள்ளிக் கட்டண ரசீதுகளைத் தேடி வீட்டைப் புரட்டும் முன், நீங்கள் எந்த முறையில் வரி கட்டப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். புதிய முறையில் அவை செல்லாது. பழைய முறை என்றால்தான் வாடகை ரசீது வேண்டும்; வருஷ வாடகை லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணும் வேண்டும். அதைக் கேட்கும்போது சில வீட்டுக்காரர்களின் முகம் மாறும், தயாராக இருங்கள். நன்கொடைக்கு ஃபார்ம் 10பிஇ கேட்டு வாங்குங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததற்கு விலக்கு கிடையாது. மருந்துக்கடையின் வழவழப்பான பில் ஆறு மாதத்தில் வெளுத்து வெறும் தாளாகிவிடும், வாங்கிய அன்றே போனில் படம் எடுத்துவிடுங்கள்.

வீடு, மனை வாங்கிய பத்திரமும் முத்திரைத்தாள் செலவும் வேறு ரகம். விற்கும் நாள்வரை, விற்ற பிறகும் சில வருஷம் அவை பத்திரமாக இருக்க வேண்டும். வாங்கிய விலையைக் காட்ட முடியாவிட்டால் லாபக் கணக்கே போட முடியாது.

ரிட்டர்ன் போட்டதும் வேலை முடியவில்லை. 30 நாளுக்குள் சரிபார்ப்பு செய்ய வேண்டும். ஆதார் வழியாகச் செய்தால் ஓடிபி ஆதாரில் பதிந்த போனுக்குத்தான் வரும். அந்த எண் உங்கள் கையில் இருக்கிறதா, வெளியூரில் இருக்கும் மகனுடையதா, எப்போதோ தூக்கிப்போட்ட சிம்மா என்று இப்போதே பார்த்துவிடுங்கள்.