குஞ்சுப் பையோடு வரவேண்டிய காகிதம்

ராத்திரி பத்து மணிக்கு மேல் கடப்பாக்கம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால், தெர்மாகோல் பெட்டிகளை அடுக்கிய மினி வேன்கள் எதிரே வரும். பெட்டிக்குள் ஆக்சிஜன் அடைத்த பிளாஸ்டிக் பைகள். பைக்குள் அரை அங்குலம்கூட நீளாத இறால் குஞ்சுகள். பகல் சூடு தாங்காது என்பதால்தான் இந்த ராத்திரிப் பயணம். மரக்காணம் வரைக்கும் கடலோரத்தில் குஞ்சு பொரிப்பகங்கள் இருக்கின்றன. குளத்துக்காரர் பையைத் தூக்கி டார்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். குஞ்சுகள் சுறுசுறுப்பாக நீந்தினால் திருப்தி. "நல்லா துள்ளுது பாருங்க, பேப்பர் எதுக்குங்க?" என்று கொண்டுவந்தவர் கேட்டால், பேச்சு அத்தோடு முடிந்துவிடும். அப்படி முடிவதில்தான் சிக்கல்.

இந்தக் குஞ்சின் பூர்வீகம் நம் கடல் இல்லை. வன்னாமி இறால் அமெரிக்கக் கண்டத்தின் பசிபிக் கரையைச் சேர்ந்தது. அதற்கு முன் நம் குளங்களில் இருந்தது கருவண்டு இறால் என்கிற டைகர். 1994-95-ல் கிழக்குக் கடற்கரையில் வெள்ளைப்புள்ளி நோய் அடித்தபோது குளம் குளமாகச் செத்து மிதந்தது. ஓட்டில் வெள்ளைப் பொட்டு தெரிந்த பிறகு ஒரு வாரம் பத்து நாளில் குளமே காலியாகிவிடும். அந்த அடியை வாங்கிய அனுபவத்தோடுதான் 2009-ல் வன்னாமிக்கு அரசு கதவைத் திறந்தது. திறந்த கதவில் ஒரு தாழ்ப்பாளையும் வைத்தது.

அந்தத் தாழ்ப்பாள் சென்னை நீலாங்கரையில் இருக்கிறது. தாய் இறாலை இறக்குமதி செய்ய மத்திய அரசின் சுகாதார இறக்குமதி அனுமதி வேண்டும். அனுமதி பெற்ற பொரிப்பகத்துக்காக விமானத்தில் வந்து இறங்கும் தாய் இறால், ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் நடத்தும் தனிமைப்படுத்தும் நிலையத்துக்குப் போகும். அங்கே பிசிஆர் பரிசோதனையில் தேறினால்தான் பொரிப்பகத்தின் வாசலை மிதிக்கும். குறிப்பிட்ட சில கிருமிகள் இல்லை என்பதுதான் அந்தச் சான்றின் பொருள். நோயே வராது என்று பொருளில்லை. பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். சுத்தமான தாயின் குஞ்சைக் கிருமி உள்ள தண்ணீரில் விட்டால் அதுவும் மற்ற இறாலைப் போலத்தான் சாகும்.

தாய் இறாலுக்கு ஆகும் செலவைத் தவிர்க்கச் சிலர் குறுக்குவழி பிடிக்கிறார்கள். உள்ளூர்க் குளத்தில் வளர்ந்த பெரிய வன்னாமியையே பிடித்துத் தாயாக்கிவிடுவார்கள். குஞ்சு விலை இறங்கும். குளத்தில் இருந்த கிருமியும் இலவச இணைப்பாக வரும். அதில் ஈ.எச்.பி. என்கிற ஒட்டுண்ணி வந்துவிட்டால் இறால் சாகாது, வளராது. தீனி போட்டுக்கொண்டே இருப்பீர்கள், கிலோவுக்கு நூறு இறால் என்கிற கவுண்ட் நூறிலேயே நிற்கும். குணப்படுத்த மருந்து இல்லை. இதற்கென்று கடையில் கொடுக்கும் பாக்கெட்டுகளை நம்பாமல் இருப்பது நல்லது. அவற்றில் தடைசெய்யப்பட்ட ஆன்டிபயாடிக் கலந்திருந்தால் ஏற்றுமதிச் சரக்கே திரும்பி வரும். 2016-ல் ஐரோப்பிய ஒன்றியம் இந்திய வளர்ப்பு இறாலில் பாதிச் சரக்கைப் பரிசோதிக்க முடிவெடுத்ததற்குக் காரணம் இந்த ஆன்டிபயாடிக் எச்சங்கள்தான்.

ஆகவே குஞ்சு வாங்குகிறவர் கேட்க வேண்டியவை: பொரிப்பகம் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு பெற்றதா, பதிவு எண் என்ன, அந்தக் குறிப்பிட்ட தொகுதிக்கான பிசிஆர் முடிவு எங்கே. சென்ற மாதத்து முடிவின் ஜெராக்ஸ் வேண்டாம். இதைக் கேட்பது உங்கள் உரிமை. கொடுக்கத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள். சந்தேகம் இருந்தால் சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் மாதிரி கொடுத்துப் பார்க்கலாம். இன்னொன்று, உங்கள் குளத்துக்கும் பதிவு வேண்டும். பதிவில்லாத குளத்துக்காரர் பொரிப்பகத்தின் மேல் புகார் எழுதினால், முதல் கேள்வி அவரைப் பார்த்தே வரும்.

நோய் அடித்துவிட்டால் கை பரபரக்கும். ராத்திரியோடு ராத்திரியாக மதகைத் திறந்துவிடலாம் என்று தோன்றும். இடைக்கழிநாட்டுப் பக்கம் பக்கிங்காம் கால்வாயும் உப்பங்கழியும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. ஒருவர் திறந்துவிட்ட தண்ணீரை மறுநாள் காலை இன்னொருவர் மோட்டார் போட்டு இழுப்பார். குளோரின் போட்டுக் கிருமி நீக்காமல் நீரை வெளியேற்றக் கூடாது என்பது விதி. மீன்வளத் துறைக்குச் சொல்லுங்கள். 2023-ல் மத்திய அரசு வெளியிட்ட 'ரிப்போர்ட் ஃபிஷ் டிசீஸ்' செயலியிலும் பதிவு செய்யலாம்.

சாப்பிடுவதற்காக உறையவைத்த இறாலில் என்ன ஆபத்து என்று கேட்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவைக் காட்டலாம். 2016 டிசம்பரில் குயின்ஸ்லாந்தின் லோகன் ஆற்றங்கரைப் பண்ணைகளில் வெள்ளைப்புள்ளி வந்தது. கடையில் விற்ற இறக்குமதிப் பச்சை இறாலைச் சிலர் தூண்டிலில் மாட்டியது வழியாக இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. அடுத்த மாதமே பச்சை இறால் இறக்குமதியை அந்த நாடு நிறுத்திவைத்தது. வெள்ளைப்புள்ளி வைரஸ் மனிதரை ஒன்றும் செய்யாது, ஆனால் உறைபனியில் தாக்குப்பிடிக்கும். நம் வீட்டு இறால் ஓட்டையும் கழுவிய தண்ணீரையும் கழியிலோ குளத்திலோ கொட்டாமல் இருப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

அதே ஆஸ்திரேலியாவில், சிட்னியில் இருக்கும் மகளுக்குக் கருவாடும் கறிவேப்பிலையும் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. பயணி அட்டையில் எழுதிக் காட்டினால் அதிகபட்சம் பொருளைப் பறித்துக்கொள்வார்கள். மறைத்தால் ஆயிரக்கணக்கான டாலர் அபராதம், விசா ரத்துகூட ஆகலாம். கறிவேப்பிலை என்ன பாவம் செய்தது என்று கேட்கத் தோன்றும். ஆரஞ்சு, எலுமிச்சை மரங்களை அழிக்கும் நோயைச் சுமக்கும் பூச்சி அந்த இலையில் வாழ்கிறது. திரும்பி வரும்போது நம் சுங்கத்திலும் விதை, செடி, இறைச்சி, பால் பொருளைச் சொல்லியாக வேண்டும். மண் ஒட்டிய செடிக்கு இடமே இல்லை. 2016-ல் பொள்ளாச்சியில் தென்பட்ட சுருள் வெள்ளை ஈயின் பூர்வீகம் மத்திய அமெரிக்கா. அது அடித்த தென்னை ஓலை கரி பூசியதுபோல் இருக்கும், பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மறுபடி குஞ்சுக்கு வருவோம். காகிதமில்லாத குஞ்சால் நஷ்டமானவருக்கு வழக்கும் ஒரு வழி. விதை வாங்கிய விவசாயி நுகர்வோரே என்று 2012-ல் உச்ச நீதிமன்றம் தேசிய விதைக் கழக வழக்கில் சொல்லியிருக்கிறது. பிழைப்புக்காகச் சொந்தமாகத் தொழில் செய்பவரை 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் நுகர்வோராகவே பார்க்கிறது. சிறு குளத்துக்காரர் இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டு செங்கல்பட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது. 2 ஆண்டுக்குள் போக வேண்டும். முதலில் ஆலோசனை கேட்க 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

வழக்கு நிற்க ஆதாரம் வேண்டும். பில்லை வாங்கி வையுங்கள். குஞ்சை இறக்கும் அன்றைக்கே பையிலிருந்து நூற்றைம்பதை வடிகட்டி, ஆல்கஹால் ஊற்றிய சின்ன பாட்டிலில் போட்டு மூடி, தேதியும் வேன் எண்ணும் எழுதி ஒட்டுங்கள். அறுவடை முடியும் வரை அது பீரோவுக்குள் இருக்கட்டும்.